ஒரு கை இடைவெளி

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து வேலை வாங்கிய பி.டி. வாத்தியார் நான். ஓய்வு பெற்றபோது மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வேலை இல்லாதவனுக்குக் கடிகாரம் கொடுக்கிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அந்த ஆள் என் கையில் கிடைத்தால் மைதானத்தை நாலு சுற்று ஓடவிடுவேன். அதே வருஷம் ஆவணியில் என் மனைவி போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. காரியாபட்டிப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அங்கே போனால் இரண்டாம் நாளே, "அண்ணே, எப்பக் கெளம்புறீக?" என்று அன்பாக விசாரிப்பான். ஆகவே விருதுநகரில் ரயில்வே லைனுக்குப் பக்கத்திலிருந்த வாடகை வீட்டிலேயே கிடந்தேன். காலை ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஆறரைக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு படுக்கப் போகிறவரைக்கும் என்ன செய்வது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. குக்கர் விசிலடித்தால், "வாறேன், வாறேன்" என்று பதில் சொல்கிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சிவகாசி சாலையில், ஊர் முடிந்து இரண்டு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே வார்டனாக இருந்த அம்மாளின் கணவன் என்னிடம் படித்தவன். அந்த அம்மாள் ஒருநாள் கடைவீதியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க சும்மாதான இருக்கீக. எங்க ஆளுகளுக்குக் காலையில ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் சொல்லிக் குடுங்களேன். எல்லாரும் கட்டிலே கதின்னு கெடக்காக. சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டேங்காக."

'சும்மாதான இருக்கீக' என்றது சுருக்கென்று தைத்தது. உண்மைதானே தைக்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, கழுத்தில் விசில் தொங்க, சைக்கிளில் போய் இறங்கினேன்.

இருபத்திரண்டு பேர் இருந்த இல்லத்தில் முதல் நாள் விசிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பால்காரர் என்று நினைத்து டம்ளரோடு வந்தவர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஆனால் அந்த வயதுக்காரர்களை முட்டிபோடச் சொல்ல முடியாதே. இருந்த மூன்று பேரையும் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்தேன். எந்த வகுப்பானாலும் என் முதல் பாடம் அதுதான். கையைப் பக்கவாட்டில் நீட்டு. அடுத்தவர்மேல் விரல் படக்கூடாது. ஒரு கை இடைவெளி. யாரும் யாரையும் இடிக்காமல் இருந்தால்தான் உடற்பயிற்சி ஒழுங்காக நடக்கும் என்று நான் நம்பினேன்.

மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி வந்துபோவாள். என் வயதில் பாதிகூட இருக்காது. ஒருநாள் நான் எல்லோரையும் குதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தாள்.

"சார், இவங்க ஸ்கூல் பசங்க இல்லை. விழுந்தா இடுப்பு போயிடும். நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது, சுவத்தைப் பிடிச்சு குதிகாலைத் தூக்குறது, நடக்கிறது. இது போதும் சார். ஆனா தினமும் பண்ணணும்" என்றாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் சொன்னபடி செய்தேன். பலனும் இருந்தது. ஒரு மாதத்தில் பதினாலு பேர் வர ஆரம்பித்தார்கள். கட்டிலிலேயே காப்பி வாங்கிக் குடித்தவர்கள் வராந்தா வரைக்கும் வந்து குடித்தார்கள். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு அம்மாள், வரிசையில் தன் இடத்தில் இன்னொருத்தி நின்றுவிட்டாள் என்று சண்டைக்கு வந்தாள். வார்டன் பதறினாள். எனக்குச் சந்தோஷம். சண்டை போடத் தெம்பு இருக்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது மைதானத்தில் நான் கற்ற பாடம்.

நடைப்பயிற்சிக்கு எனக்கு ஒரு நல்ல துணை கிடைத்தது. தாயில்பட்டிக்காரம்மா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் வெடி கம்பெனியில் வேலை பார்த்தவள். மற்றவர்கள் எல்லாம் சரட் சரட்டென்று காலைத் தேய்த்து நடக்க, அவள் மட்டும் பாதத்தை முழுசாகத் தூக்கி, முழுசாக வைத்து நடந்தாள். இந்த நடை எங்கே கற்றாள் என்று கேட்டேன்.

"கம்பெனியில தரையெல்லாம் மருந்து சிந்திக் கெடக்கும் வாத்தியாரய்யா. காலைத் தேச்சா பொறி கெளம்பிரும். போர்மேன் கொன்னேபுடுவான். தூக்கித்தான் வைக்கணும், தூக்கித்தான் எடுக்கணும். பளகிருச்சு."

அன்றிலிருந்து அவளை முன்னால் நடக்கவிட்டேன். "கீழே வெடிமருந்து கிடக்குன்னு நினைச்சு நடங்க" என்பதுதான் என் உத்தரவு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த மாதம் வந்த பிசியோதெரபிப் பெண், இப்போது யாரும் விழுவதில்லையே, எப்படி என்று கேட்டாள். தாயில்பட்டிக்காரம்மா பெருமையாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஒரே ஒருவர் மட்டும் வரவில்லை. நான் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். எழுபத்து நாலு வயது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். ஊரே தும்மும் நெடியிலும் அவருக்கு மூக்கு அரிக்காது. மனைவி இல்லை. ஒரே மகன் சென்னையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பாய் இல்லத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தினமும் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, சாலையில் போகிற லோடு லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பாய், உங்களுக்குத் தனியா அழைப்பிதழ் அடிக்கணுமா?" என்று கத்தினேன்.

திரும்பாமலே பதில் வந்தது. "அடிச்சா சிவகாசியில அடிங்க வாத்தியாரே. எளுத்து பளிச்சுன்னு இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றைய பயிற்சி முடிந்ததும் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் லாரிகளை எண்ணினோம். பிறகு அவராகவே பேசினார்.

"கையத் தூக்கு, எறக்குன்னு சொல்றீக. அதுல எனக்கு என்ன பிரயோசனம்? எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். தரையில உக்காந்து எந்திரிக்கணும். அதச் சொல்லித் தருவீகளா?"

ஏன் என்று கேட்டேன். போன ரம்ஜான் பெருநாள் கதையைச் சொன்னார். மகன் காரில் வந்து அவரைப் பெருநாள் தொழுகை நடக்கும் திடலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். முட்டி மடங்காது என்பதால் தொழுகை வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, தான் சிநேகிதர்களோடு நடுவரிசைக்குப் போய்விட்டார்.

"தொளுகையில எடைவெளி விடப்படாது வாத்தியாரே. உங்க பாடத்துக்கு நேர் எதிரு. தோளோட தோளு ஒட்டணும். நான் நாற்காலியில தனியா உக்காந்திருந்தேன். எனக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல இன்னொரு ஆளு நிக்கலாம், அம்புட்டு எடம். தொளுகை முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சுக் கட்டித் தளுவிக்கிட்டாக. உக்காந்திருக்கிறவனை யாரு குனிஞ்சு கட்டுவா? கையக் குடுத்துட்டுப் போயிட்டாக. எம் மவனும் கையத்தான் குடுத்தான்."

நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாலும் கூடும், ஒரு குறையும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தாராம். "அல்லாவுக்கு அது போதும்கறாக. எனக்குத்தான் போதல" என்றார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வருசம் பூராம் என்னைய யாரு தொடுதா, சொல்லுங்க. பிரஷர் பாக்க வர்ற நர்ஸம்மா தொடுது. அதுவும் பட்டையச் சுத்துறதுக்கு. இந்தப் பெருநாளைக்கு நான் வரிசையில நிக்கணும். நாற்காலி ஆகாது."

வேறு யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் எனக்கு வராது. "காலை ஆறு மணிக்கு வாங்க. லேட்டா வந்தா சேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது என்னை யார் தொடுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். முடிவெட்டுகிறவர் தொடுகிறார், மாதம் ஒருமுறை. வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

பெருநாளுக்கு எட்டு மாதம் இருந்தது. நாற்காலியில் ஆரம்பித்தோம். பிறகு அதைவிடக் குட்டையான முக்காலி. பிறகு செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை. வாரத்துக்கு ஒரு செங்கலை உருவுவேன். பலகை தரையைத் தொட நாலரை மாதம் ஆயிற்று. கடைசியில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, வெறும் தரை. வலது கையை முட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி அகலமாக ஊன்ற வேண்டும். இடது கை தொடைமேல். வலது பாதத்தை முன்னால் கொண்டுவந்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நான் எண்ண, மூன்றில் எழ வேண்டும். கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை என்று பாய் ஹஜ்ரத்திடம் கேட்டு வைத்துக்கொண்டார்.

"மொத்தம் எத்தனை தடவை உக்காந்து எந்திரிக்கணும் பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

பெருநாள் தொழுகையில் தரைக்குப் போவது இரண்டு முறை. முதல் முறை நெற்றியைத் தரையில் வைத்து வணங்கிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். இரண்டாம் முறை போனால் உட்கார்ந்தபடியே தொழுகை முடிந்துவிடும். ஆக, எல்லோரோடும் சேர்ந்து எழவேண்டியது ஒரே ஒரு தடவை.

"ஒரு தடவைக்கா எட்டு மாசம்?" என்றேன்.

"ஆமா. ஒரு தடவைக்குத்தான்" என்றார். அந்தக் குரலுக்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

ஒருநாள் எழும்போது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டார். இடுப்பில் ரத்தம் கட்டி நீலமாகிவிட்டது. வார்டன் இனிமேல் இது வேண்டாம் என்றாள். தாயில்பட்டிக்காரம்மா எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். "ரெண்டு ஆம்பளையளும் போட்டி போட்டு எலும்ப முறிச்சுக்கிடாதீக. அப்புறம் கஞ்சி ஊத்த நாந்தான் வரணும்." பாய் பத்து நாள் படுத்திருந்தார். பதினோராம் நாள் நான் போனபோது ஜமுக்காளத்தை அவரே விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஆரம்பத்தில் அவர் முழங்கையை நான் இறுகப் பிடித்திருப்பேன். போகப் போகப் பிடி தளர்ந்தது. பிறகு இரண்டு விரல். பிறகு ஒரு விரல். ஆவணி மாதத்தில் ஒருநாள் விரலையும் எடுத்துவிட்டேன், அவர் எழுந்து நின்றார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை கொடுக்காமல் எழவைப்பதுதான் வாத்தியார் வேலை, அது முடிந்தது. ஆனால் சைக்கிளில் திரும்பும்போது நெஞ்சில் ஒரு வெறுமை. காலை ஆறரை மணிக்கு ஒரு மனிதனின் முழங்கையைப் பிடிப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ரம்ஜான் மாதம் பிறந்தது. இந்த வயதில் நோன்பு வேண்டாம், உடம்பு தளர்ந்துவிடும் என்று நான் சண்டை போட்டேன்.

"உங்க தொண்டையக் கொஞ்சம் எறக்குங்க வாத்தியாரே. நோன்பு எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது. எக்சர்சைஸ் எனக்கும் உங்களுக்கும் உள்ளது. ரெண்டையும் ஏன் முட்டவைக்கீக?"

கடைசியில் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். நோன்பு திறந்த பிறகு. பள்ளிவாசலிலிருந்து வாட்ச்மேன் தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வருவார். பாய் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார். நான் போய்ச் சேர்கிறவரை தன் டம்ளரை எடுக்க மாட்டார். பேரீச்சம்பழத்தோடு வாய் நனைத்துவிட்டு, "வரட்டும் வாத்தியார், சேந்து குடிப்போம்" என்பாராம். எனக்காக ஒருத்தர் சாப்பிடாமல் காத்திருந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கஞ்சி சூடு, அதனால்தான் கண் கலங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகனிடமிருந்து போன் வந்தது. அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜான் பெருநாளும் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் வந்தன. ஜவுளிக்கடைக்கு இரட்டைச் சீசன். பாய் வார்டன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"வேலை சாஸ்தியாம். வரத் தோதுப்படாதாம்" என்றார். ஜமுக்காளத்தின் சுருக்கத்தைக் காலால் நீவிவிட்டார். "சரி, எண்ணுங்க."

"நான் கூட்டிட்டுப் போறேன் பாய்" என்றேன். அவர் தரைக்குப் போனார். அன்றைக்கு மூன்று எண்ணும்முன்னே எழுந்துவிட்டார்.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, கடை மிக்சரைத் தின்று, பக்கத்து வீட்டார் வெடித்த குப்பையை என் வாசலிலிருந்து கூட்டித் தள்ளினேன். என் தீபாவளி அவ்வளவுதான். வருஷம் முழுக்க ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிற எங்கள் பக்கம், தீபாவளி முடிந்ததும் ஓய்ந்துவிடும். கம்பெனிகள் எல்லாம் லீவு. சிவகாசி சாலையில் லாரியே இல்லை. பெருநாளுக்கு முந்தின நாள் மழை வேறு.

பெருநாள் காலை ஆட்டோவோடு போனேன். பாய் வெள்ளைச் சட்டையும் புதுக் கைலியும் தொப்பியுமாகத் தயாராக இருந்தார். அத்தர் மணத்தது. என்னைப் பார்த்ததும் விரலில் மிச்சமிருந்ததை என் சட்டைக் காலரில் தடவிவிட்டார். தாயில்பட்டிக்காரம்மா வாசல் வரை வந்து, "அண்ணாச்சி, காலைத் தூக்கி வச்சு நடங்க. தரை ஈரமாக் கெடக்கும்" என்று சொல்லி அனுப்பினாள்.

மழை வெறித்திருந்தது. திடலில் தார்ப்பாய் போட்டு அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஓரத்தில் வயசாளிகளுக்காக நாலைந்து நாற்காலிகள் இருந்தன. ஒரு தன்னார்வலர் நாற்காலியைக் காட்டினார். பாய் தலையை ஆட்டிவிட்டுப் போய் நடுவரிசை ஒன்றில் நின்றுகொண்டார். நான் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றேன்.

"வரிசையைச் சரிப்படுத்துங்க, நெருங்கி நில்லுங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. ஆட்கள் நெருங்கினார்கள். இன்னும் நெருங்கினார்கள். பாயின் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து ஒட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கையை ஊன்ற அங்கே இடமில்லை.

எட்டு மாதமாக விரிந்த ஜமுக்காளத்தில், சுற்றிலும் ஒரு கை இடைவெளி விட்டு, முட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஊன்று என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வரிசையில் நின்று கூட்டத்தோடு தொழவேண்டிய மனிதருக்கு, மைதானத்தில் தனியாக எழும் வித்தையைக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். தோளோடு தோள் ஒட்டவேண்டும் என்று அவரே முதல் நாளில் சொன்னார். காதில் வாங்கியவன் மூளையில் வாங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்துப் பழக்கம் என் கண்ணை மறைத்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் நாற்காலியில் உட்காருங்கள் என்று கத்தலாமா என்றிருந்தது. அதற்குள் தொழுகை ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். பிறகு மொத்தத் திடலும் தரைக்குப் போனது. சுவர்மேல் எக்கிப் பார்த்தேன், முதுகுகள்தான் தெரிந்தன. 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கேட்டது. வரிசைகள் எழுந்தன. வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஓட்டை.

ஒண்ணு என்று எண்ணினேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ரெண்டு. மூணு. ஓட்டை அப்படியே இருந்தது. கையிலிருந்த செருப்பை நெரித்துக்கொண்டிருந்தேன். நாலு என்று நான் எண்ணிய பழக்கமே கிடையாது. நாலு என்று எண்ணினேன்.

ஒரு தொப்பி மேலே வந்தது. ஓட்டை அடைபட்டுவிட்டது.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. தூசி என்றுகூடச் சொல்ல முடியாது, முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது.

தொழுகையும் பிரசங்கமும் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். கட்டித் தழுவிக்கொண்டார்கள். பாயை இந்தப் பக்கத்து ஆள் தழுவினார், அந்தப் பக்கத்து ஆள் தழுவினார். பின்வரிசையிலிருந்து பழைய வத்தல் வியாபாரி ஒருவர், "எம்புட்டு நாளாச்சு!" என்று வந்து விழுந்து கட்டிக்கொண்டார். பாய் மெதுவாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, என்னிடம் நடந்து வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நெற்றியில் ஜமுக்காளத்தின் ஈரம்.

"எடமே இல்ல வாத்தியாரே! கைய எங்கன ஊன? ரெண்டு பக்கமும் தோளு. நீங்க சொல்லித்தந்த ஒண்ணும் நடக்கல. இன்னிக்கு மாட்டிக்கிட்டோம்னுதான் நெனச்சேன். பெறகு பாத்தா, பக்கத்துல உள்ளவுக எந்திரிக்கயில அந்த நெருக்கமே என்னையும் சேத்துத் தூக்கிருச்சு. எடமில்லாததுதான் நல்லதாப் போச்சு."

அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம். அத்தர் மணமும் வியர்வையும் கலந்து அடித்தது. அவர் தாடி என் காதில் குத்தியது. நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. குதிகால்கள் சேர்ந்திருந்தன. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. ஒன்றில் செருப்பு. கொடிக்கு முன்னால் நிற்பதுபோல அட்டென்ஷனில் நின்றேன். கையைத் தூக்கு என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டவனுக்கு, தன் கையைத் தூக்கத் தெரியவில்லை. மனசு தூக்கச் சொன்னது. உடம்பு கேட்கவில்லை. அவர் விலகி, என் தோளைத் தட்டிவிட்டு, "வாங்க, டீ குடிப்போம்" என்றார். அடுத்த முறை செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து மகன் வந்தார். அன்றைய பயிற்சி முடிந்து நான் போன பிறகு வந்திருக்கிறார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன தகப்பனாரைப் பார்த்து அசந்துவிட்டாராம். "அத்தா நல்லாத்தான இருக்காக. இனிமே இங்கன எதுக்கு?" என்று சொல்லி, அன்று சாயங்காலமே சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டார். நல்ல விஷயம்தான். அதற்குத்தானே இவ்வளவு பாடும். மறுநாள் காலை விசிலை ஊதிவிட்டு, வராந்தாவில் வெறும் நாற்காலியைப் பார்த்தபோது மட்டும், என் வேலையில் நான் இவ்வளவு கெட்டிக்காரனாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அற்பப் புத்திதான். ஆனாலும் தோன்றியது.

தாயில்பட்டிக்காரம்மா வந்தாள். "அண்ணாச்சி ஒங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாக. அடுத்த பெருநாளைக்கு வாறாகளாம். அன்னைக்கும் கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கப்படாதாம். அதுக்கும் சேத்து எக்சர்சைஸ் பண்ணி வைக்கச் சொன்னாக." எதற்கு அப்படிச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டாள். நான் நடைப்பயிற்சிக்கு நேரமாயிற்று என்று அவளை விரட்டினேன்.

வரிசையில் இடைவெளி விடச் சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஒட்டி நில்லுங்கள் என்றேன். "எங்க கம்பெனியில ஒரு ரூம்புக்கு நாலு பேருக்கு மேல இருக்கப்படாதும்பாக. நீங்க என்னடான்னா இடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீக" என்று தாயில்பட்டிக்காரம்மா முனகினாள். ஆனாலும் பக்கத்தில் நின்றவளின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் வழக்கம்போல எதிரே, பத்தடி தள்ளி நின்று எண்ணினேன்.

பாயின் சென்னை நம்பர் வார்டனிடம் இருந்தது. நான் வாங்கவில்லை. வாங்கி என்ன பேசுவது, முட்டி மடங்குகிறதா என்றா? இந்த வீம்புக்கு மருந்தே கிடையாது.

அடுத்த ரம்ஜான் பெருநாள் காலை, குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திடலுக்குப் போனேன். அதே சுவரோரம் நின்றேன். வரிசைகள் தரைக்குப் போயின. தக்பீர் கேட்டதும் மொத்தமாக எழுந்தன. எந்த இடத்திலும் ஓட்டை விழவில்லை. நான் எண்ணவே இல்லை. தொழுகை முடிந்து எல்லோரும் தழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கைகளை மட்டும் தொடையோடு ஒட்டவிடாமல், உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, தயாராக வைத்திருந்தேன்.

கூட்டம் கலைந்து ஜமுக்காளங்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரையும் எதிர்பாக்கீகளா சார்?"

இல்லை என்றேன். கையை இறக்கச் சற்று நேரமாயிற்று.